ஒன்றரை டன்

என் வலது கன்னத்தில் மட்டும் நுரை மிச்சம் இருந்தது. இடது பக்கத்தை முடித்துவிட்டு வந்த கத்தி, காதுக்குக் கீழே அப்படியே நின்றுவிட்டது. எதிர்க் கண்ணாடியில் பார்த்தேன். முடிவெட்டும் தம்பியின் கண் மூலையில் மாட்டியிருந்த டிவியில் இருந்தது. அங்கே துரைசிங்கம் கையை ஓங்கிவிட்டார்.

"ஒரு நிமிஷம் சார்."

பீர்க்கன்கரணையில், ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் இருக்கிறது அந்த சலூன். இரண்டு நாற்காலி, காத்திருப்பவர்களுக்கு ஒரு நீள பெஞ்ச், படிகாரக் கல், தண்ணீர் பீய்ச்சும் பாட்டில், போன வருஷத்து முருகன் காலண்டர். செவ்வாய்க்கிழமை லீவு. கூட்டம் என்றால் ஞாயிற்றுக்கிழமை மதியம்தான். அன்று பெஞ்சில் ஐந்து பேர். ஐந்து பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அடி விழுந்தது. அடிபட்டவன் காற்றில் சுற்றிக்கொண்டே போய் எங்கோ விழுந்தான். பெஞ்சில் ஒரு பெருமூச்சு. கத்தி மறுபடியும் என் கன்னத்தில் இறங்கியது.

"இது எத்தனாவது தடவைப்பா?"

"யார் சார் எண்ணிட்டிருக்கா? போட்டா பாக்க வேண்டியதுதான்."

இரண்டாம் பாகப் படங்களைப் பற்றி எழுத வேண்டும் என்றதும் எனக்கு இந்த பெஞ்ச்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஏனென்றால், இரண்டாம் பாகம் என்ற சரக்கு உண்மையில் விலைபோகிற இடம் இது. மேடையில் பேசச் சொன்னால் நாம் எல்லோரும் மகேந்திரனைப் பற்றியும் பாலு மகேந்திராவைப் பற்றியும் பேசுவோம். சட்டையைக் கழற்றிவிட்டு, வீட்டில் விசிறிக்கு அடியில் சாய்ந்துகொண்டு பார்ப்பது 'சிங்கம் 2'. வெளியே சொல்லக் கூச்சமாக இருக்கும். திருட்டு மாங்காய்க்கு ருசி அதிகம் என்பார்களே, அதேதான். நான் கூச்சப்படாமல் சொல்கிறேன்: எனக்குப் பிடிக்கும். 'சிங்கம்' மூன்றும் பிடிக்கும், அதிலும் இரண்டாவது ரொம்பப் பிடிக்கும்.

முதல் படம் 2010 மே 28 அன்று வந்தது. சூர்யாவுக்கு 25-ஆவது படம். இரண்டாவது 2013 ஜூலை 5. மூன்றாவது 2016 டிசம்பருக்கே வர வேண்டியது, தள்ளித் தள்ளிப்போய் 2017 பிப்ரவரி 9 அன்று வந்தது. மூன்றிலும் சூர்யாதான் துரைசிங்கம் என்ற போலீஸ், மூன்றையும் இயக்கியவர் ஹரி. கதை தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது என்பதால் அதற்குள் போகவில்லை.

எங்கள் பகுதிக்கும் இந்தப் படங்களுக்கும் ஒரு தனி ஒட்டுதல் உண்டு. தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூர், வண்டலூர் வரைக்கும் தெருவுக்கு நாலு வீடு தென் மாவட்டத்து வீடு. திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் என்று பிழைப்புக்கு வந்தவர்கள், ஊர் பஸ்ஸைப் பிடிக்க வசதியான இடமாகப் பார்த்து இந்தப் பக்கமே வீடு எடுத்தார்கள். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கும்வரை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெருங்களத்தூரில்தான் மூட்டை முடிச்சோடு நள்ளிரவு வரை நிற்போம். பீர்க்கன்கரணை பேரூராட்சியாக இருந்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் போய்விட்டது. ஆனால் மளிகைக் கடையில் இன்றைக்கும் 'ஏலே', 'வாரேன்', 'போவட்டும்' என்றுதான் காதில் விழும். அந்தக் காதுகளுக்குத் தூத்துக்குடி பக்கத்து நல்லூர் எஸ்.ஐ. ஒருவர் சென்னைக்கு மாற்றலாகி வந்து, இங்கே இருக்கும் பெரிய மனிதர்களை மிரள வைக்கிறார் என்றால் எப்படி இருக்கும்? கதையை விடுங்கள். நம் ஊர்ப் பேச்சைப் பேசிக்கொண்டு ஒருத்தன் திருவான்மியூர் ஸ்டேஷனில் நெஞ்சு நிமிர்த்தி உட்கார்கிறான். பிழைக்க வந்த இடத்தில் பல வருஷம் குரலைத் தாழ்த்தியே பேசிப் பழகியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

2013 ஜூலையில் 'சிங்கம் 2' பார்க்க எங்கள் தெருவிலிருந்து ஒன்பது பேர் கிளம்பினோம். இரண்டாம் ஆட்டம். மளிகைக் கடை அண்ணாச்சியும் வந்தார். அவர் திசையன்விளை பக்கம். கடையை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மூடிவிட்டு, கல்லாச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவர் தியேட்டருக்கு வந்தே பத்து வருஷம் இருக்கும். திரையில் தூத்துக்குடித் துறைமுகம் வந்ததும் என் தொடையில் ஓங்கித் தட்டினார். "எங்க ஊருலா தம்பி!" என்றார். அவருடைய ஊருக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் பஸ்ஸில் இரண்டு மணி நேரமாவது ஆகும். அது அன்றைக்கு அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அடி விழுந்த ஒவ்வொரு தடவையும் சாவிக்கொத்து குலுங்கக் குலுங்கச் சிரித்தார். இரவு ஒன்றரை மணிக்கு ஜிஎஸ்டி ரோட்டில் டீ குடித்துக்கொண்டு நின்றபோது, படத்தின் முதல் காட்சியிலிருந்து மறுபடியும் ஒருமுறை எங்களுக்கே சொல்ல ஆரம்பித்தார்.

இந்தச் சந்தோஷத்தின் சூட்சுமம் என்ன? நான் பல வருஷம் யோசித்ததில் எனக்குக் கிடைத்த பதில் திருச்செந்தூரில் இருக்கிறது. கந்த சஷ்டி அன்று சாயங்காலம் அந்தக் கடற்கரையில் லட்சக்கணக்கானவர்கள் நிற்கிறார்கள். என்ன நடக்கும் என்று கைக்குழந்தைக்கும் தெரியும். சூரன் யானைத் தலையோடு வருவான், வேல் படும். அடுத்து சிங்கத் தலையோடு வருவான், வேல் படும். பிறகு சொந்தத் தலையோடு வருவான். உடம்பு ஒன்று, தலை மட்டும் மாறுகிறது. ஒவ்வொரு தலை விழும்போதும் கூட்டம் முதல் தடவை பார்ப்பது போல் ஆர்ப்பரிக்கிறது. "போன வருஷமும் இதேதானே" என்று அங்கே யாரும் சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

இரண்டாம் பாகம் என்பது அந்தத் தலை மாறுகிற வேலைதான். முதல் படத்தில் சென்னையில் ஆள் கடத்திப் பணம் பறிக்கும் மயில்வாகனம். அந்தத் தலை விழுந்ததும், இரண்டாவதில் கடல் தாண்டிய போதைப்பொருள் கும்பல், தென்னாப்பிரிக்காவிலிருந்து டேனி. மூன்றாவதில் விசாகப்பட்டினம், அங்கிருந்து ஆஸ்திரேலியா, மருத்துவக் கழிவு. வில்லனின் தலை பெரிதாகிக்கொண்டே போகிறது, ஊர் தூரமாகிக்கொண்டே போகிறது, துரைசிங்கத்தின் மீசையும் கையும் அதே அளவில் இருக்கின்றன. அந்த மாறாத அளவைப் பார்க்கத்தான் காசு கொடுக்கிறோம். டேனியாக நடித்த டேனி சபானி பிரிட்டிஷ் நடிகர். ஐந்து வருஷம் கழித்து அவர் 'பிளாக் பாந்தர்' படத்தில் வந்தபோது சலூன் தம்பி எனக்கு போன் போட்டுச் சொன்னார்: "சார், நம்ம டேனி இங்கிலீஷ் படத்துல நடிக்கிறான்!"

இரண்டாம் பாகத்துக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. முதல் படம் ஹீரோ யார் என்று நமக்குச் சொல்லியாக வேண்டும். அம்மா அப்பாவைக் காட்ட வேண்டும், காதல் எப்படி வந்தது என்று காட்ட வேண்டும். அடுத்த படத்துக்கு அந்தச் சுமை இல்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை அழைப்புக்கு வராமல் நேராகப் பந்திக்கு வந்து உட்காருவது மாதிரி. இலை போட்டாயிற்று, பரிமாற வேண்டியதுதான். ஹரியின் படங்களில் பரிமாறுகிற வேகமும் தனி. ஒரு காட்சி முடிவதற்குள் அடுத்த காட்சியின் கார் டயர் கிறீச்சிடும். யாரும் நடந்து போவதில்லை, பாய்ந்து போகிறார்கள். கேமரா முகத்துக்குள் புகுந்து வெளியே வரும். இட்லி எப்படி வட்டமாகவும் வெள்ளையாகவும் இருந்தால்தான் இட்லியோ, அப்படி இந்தப் படத்துக்கு ஹீரோ வில்லனுக்கு போன் போட்டு எச்சரிக்கிற காட்சி இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பெஞ்சிலிருக்கும் ஆள் ஏமாந்துபோவார்.

தமிழில் இந்த வழக்கம் புதிதும் இல்லை. 1979-இல் வந்த 'கல்யாணராமன்' படத்துக்கு 1985-இல் 'ஜப்பானில் கல்யாணராமன்' வந்தது. அப்புறம் ரொம்ப காலம் அதிகம் பேர் அந்தப் பக்கம் போகவில்லை. 2010-க்குப் பிறகுதான் வரிசை கட்டினார்கள்: 'காஞ்சனா', 'அரண்மனை', 'வேலையில்லா பட்டதாரி', 'சண்டக்கோழி'. ஹரியே 2003-இல் எடுத்த 'சாமி'க்கு 2018-இல் 'சாமி ஸ்கொயர்' எடுத்தார். துரைசிங்கம் இந்திக்கும் போனார். 2011-இல் 'சிங்கம்' இந்தியில் வந்து, அங்கே 2014-இல் ஒன்று, 2024 தீபாவளிக்கு ஒன்று என்று அவர்களும் மூன்று தலை எடுத்துவிட்டார்கள். நல்லூர்க்காரர் கோவா வரைக்கும் போய்விட்டார், அடி மட்டும் அதே அடி.

அந்த அடியைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். இந்தக் கட்டுரையை வெறும் கொண்டாட்டமாக முடிக்க என்னால் முடியவில்லை.

2020 ஜூன் 19 அன்று சென்னையிலும் எங்களைச் சுற்றியும் ஊரடங்கை மறுபடியும் இறுக்கினார்கள். மளிகைக் கடைகள் மதியம் இரண்டு மணிக்குள் மூட வேண்டும். அண்ணாச்சி ஒன்றே முக்காலுக்கே ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, கீழே குனிந்து சாமான் கொடுத்துக்கொண்டிருப்பார். அதே 19-ஆம் தேதிதான் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த அப்பாவையும், அவரைத் தேடிப்போன மகனையும் காவல் நிலையத்தில் பிடித்து வைத்தார்கள். கடையை நேரத்துக்கு மூடவில்லை என்பதில் தொடங்கிய விஷயம். 22-ஆம் தேதி இரவு மகனும், மறுநாள் காலை அப்பாவும் கோவில்பட்டி மருத்துவமனையில் இறந்தார்கள்.

சாத்தான்குளம் அண்ணாச்சியின் ஊருக்குப் பக்கம். அவருடைய சித்தப்பா மகனுக்கு அதே பஜாரில் கடை. அந்த வாரம் நான் பருப்பு வாங்கப் போனபோது அவர் கடையின் வாசலில் நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரோட்டை எட்டிப் பார்த்தார். ஒன்றரை மணிக்கே ஷட்டரை முழுசாக இறக்கினார். அதை இறக்கும்போது அவர் கை நடுங்கியது. முப்பது வருஷமாக அந்த ஷட்டரை ஏற்றி இறக்குகிற கை.

"கடை வச்சிருக்கவன் யாரா இருந்தாலும் நடக்கும்லா தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த ஜூன் 28 அன்று இயக்குநர் ஹரி ஓர் அறிக்கை விட்டார். காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அதில் சொல்லியிருந்தார். 'சாமி' இரண்டு, 'சிங்கம்' மூன்று. அப்படிச் சொல்ல ஒரு கலைஞனுக்குப் பெரிய மனசு வேண்டும். அவர்மீது எனக்கு மரியாதை கூடியதே தவிரக் குறையவில்லை. ஆனால் அந்த அறிக்கையைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. எடுத்தவர் தன் பங்குக்கு வருந்திவிட்டார். அந்த ஐந்து படத்துக்கும் விசிலடித்த நான் என்ன செய்வது?

மறுபடியும் முதல் 'சிங்கம்' படத்தைப் போட்டுப் பார்த்தேன். இந்தத் தடவை ஒரு விஷயம் கண்ணில் பட்டது. மயில்வாகனத்துக்கும் துரைசிங்கத்துக்கும் சண்டை எதில் ஆரம்பிக்கிறது, ஞாபகம் இருக்கிறதா? ஒரு கையெழுத்தில். நிபந்தனை ஜாமீனில் வந்த மயில்வாகனம் நல்லூர் ஸ்டேஷனில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவன் தனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்புகிறான். நேரில் வந்துதான் போட வேண்டும் என்று துரைசிங்கம் அடம்பிடிக்கிறார். எவ்வளவு அழகான தொடக்கம்! கோடீஸ்வரனாக இருந்தாலும் கோர்ட் சொன்னதைச் செய்ய வேண்டும் என்று ஒரு சாதாரண எஸ்.ஐ. நிற்கிறார். தியேட்டரில் எனக்குப் புல்லரித்த இடம் அதுதான். அதில் ஒரு அடிகூட இல்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா. ஊர்ச் சண்டையையும் அந்த எஸ்.ஐ. முடிந்தவரை பேசித்தான் தீர்க்கிறார்.

அதே படம் ஆந்திராவில், கூடூர் பக்கத்தில், துப்பாக்கிச் சூட்டில் முடிகிறது. கையெழுத்தில் தொடங்கிய கதை என்கவுன்ட்டரில் முடிகிறது. முடிந்த கையோடு உள்துறை அமைச்சரே வந்து அடுத்த ரகசிய வேலையைக் கொடுக்கிறார். இரண்டாம் பாகம் பிறப்பது அங்கேதான். யோசித்துப் பாருங்கள்: இரண்டாம் பாகம் என்பதே அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்குக் கிடைத்த பரிசு.

இந்த இடத்தில் நான் சினிமா பத்திரிகையாளனாக மட்டும் பேச விரும்பவில்லை. உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் என்கவுன்ட்டர் மரணங்களுக்கு 16 வழிமுறைகள் வகுத்தது. ஒவ்வொரு சம்பவத்துக்கும் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வேண்டும். சம்பந்தப்பட்ட ஸ்டேஷன் அல்லாத வேறு போலீஸ் அல்லது சிஐடி விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும். வீரம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபணமாகும்வரை சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கொடுக்கக் கூடாது. இந்தக் கடைசி வழிமுறையை நம் இரண்டாம் பாகங்களோடு வைத்துப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. நாம் விசிலடித்துக் கேட்டு வாங்குகிற அடுத்த பாகம், சட்டப்படி அந்த ஆளுக்கு உடனே கிடைக்கக் கூடாத ஒன்று.

இன்னும் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கைது செய்த ஒருவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22-ஆவது பிரிவில் இருக்கிறது. கைது செய்த நேரத்தையும் தேதியையும் எழுதி, வீட்டு ஆளோ ஊரில் ஒரு பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவர் பார்க்க வேண்டும் என்று 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2020 டிசம்பரில், எல்லா காவல் நிலையத்திலும் குரலும் பதிவாகும் கேமரா வைக்கச் சொன்னது. இதெல்லாம் யாருக்காக? அண்ணாச்சிக்காக. சலூன் தம்பிக்காக. எனக்காக. ஆனால் எங்கள் பெஞ்சில் இருக்கும் ஐந்து பேரிடம் கேட்டால், சாட்சிக் கையெழுத்து என்று ஒன்று இருப்பதே தெரியாது. துரைசிங்கத்தின் கைக்கு ஒன்றரை டன் எடை என்பது ஐந்து பேருக்கும் தெரியும்.

நம் போலீஸ் படங்களில் கோர்ட் எதற்கு வருகிறது என்று கொஞ்சம் கவனியுங்கள். வில்லனுக்கு ஜாமீன் கிடைக்க வருகிறது. வக்கீல் என்றால் கறுப்புக் கோட்டு போட்ட தரகர். ஹீரோ உயிரைக் கொடுத்துப் பிடித்தவனை, வக்கீல் பத்து நிமிஷத்தில் வெளியே கொண்டுவருவார். ஹீரோவின் நரம்பு புடைக்கும். நமக்கும் புடைக்கும். இந்தக் காட்சியை நாற்பது வருஷமாகப் பார்த்துப் பார்த்து, ஜாமீன் என்றாலே அநியாயம் என்று ரத்தத்தில் ஊறிவிட்டது. 2019 டிசம்பரில் ஐதராபாத் அருகே, பாலியல் வன்கொலை வழக்கில் கைதான நாலு பேர் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்ட அன்று, மக்கள் போலீஸார் மேல் பூத் தூவினார்கள். எங்கள் தெருவிலும் அன்றைக்கு லட்டு கொடுத்தார்கள். நானும் ஒன்று வாங்கித் தின்றேன். அந்த லட்டு இன்னமும் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

இதைப் பற்றிப் பேசுவது நான் மட்டும் அல்ல. இந்தி 'சிங்கம்' படத்தின் கிளைமாக்ஸைச் சுட்டிக்காட்டி, மொத்த போலீஸும் சேர்ந்து ஒருவனைத் தீர்த்துக்கட்டினால் நியாயம் கிடைத்துவிட்டதாகக் காட்டுவது ஆபத்தான செய்தி என்று 2023 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரே பொது மேடையில் கவலைப்பட்டார்.

"படம்தான சார்? வெளிய வந்தா மறந்துடுவோம்" என்பது சலூன் தம்பியின் கட்சி. பலருக்கும் அதுதான் கட்சி. அதில் ஓரளவு உண்மை இருக்கலாம்.

ஆனால் அந்தத் தம்பியின் மகன் மறக்கவில்லை. ஒன்பது வயசு. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வந்து, தரையில் கிடக்கும் முடியைக் கூட்டித் தள்ளுவான். அன்றைக்கு டிவியில் அடி விழுந்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, காலியாக இருந்த இரண்டாவது நாற்காலியின் ரெக்ஸின் மேல் அதே மாதிரி கையை ஓங்கி அறைந்தான். "நான் பெரியவனானா போலீஸ்" என்றான். எதற்கு என்று கேட்டேன். "அடிக்கலாம்ல" என்றான்.

போலீஸ் ஆக வேண்டும் என்று ஒரு பையன் ஆசைப்படுவது எவ்வளவு நல்ல விஷயம்! காணாமல் போனதைக் கண்டுபிடிக்கலாம், ஏழைக்குத் துணை நிற்கலாம் என்று ஆயிரம் காரணம் இருக்க, அவனுக்கு நாம் ஒரே ஒரு காரணத்தைத்தான் காட்டியிருக்கிறோம்.

சாத்தான்குளம் சம்பவத்தில் இன்னொரு போலீஸும் இருந்தார். அதே ஸ்டேஷனில் அன்று இரவு வேலையில் இருந்த பெண் தலைமைக் காவலர். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு மாஜிஸ்திரேட்டை விசாரிக்க அனுப்பியபோது, தான் கண்டதை அவர் சாட்சியாகச் சொன்னார். அவருக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்புக் கொடுக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. கூட வேலை பார்க்கிறவர்களுக்கு நடுவில், அதே சீருடையில், தன்னந்தனியாக உட்கார்ந்து உண்மையைச் சொல்லிக் கையெழுத்துப் போட என்ன தைரியம் வேண்டும்! துரைசிங்கத்துக்குப் பின்னால் பின்னணி இசை இருக்கிறது, சண்டைப் பயிற்சியாளர் இருக்கிறார். அந்த அம்மாவுக்குப் பின்னால் யார் இருந்தார்கள்? எனக்குத் தெரிந்து தமிழ்நாடு பார்த்த மிகப் பெரிய போலீஸ் ஹீரோ அவர்தான். நல்லூர் ஸ்டேஷனில் "நேரில் வந்து கையெழுத்துப் போடு" என்று துரைசிங்கம் அடம்பிடித்தாரே, அந்தக் காட்சியின் உண்மையான இரண்டாம் பாகம் இந்த அம்மா போட்ட கையெழுத்து.

சினிமாக்காரர்களுக்கு இது புரியாமல் இல்லை. 'விசாரணை' 2016-இல் வந்தது. துரைசிங்கமாக வாழ்ந்த அதே சூர்யா, 2021 நவம்பரில் 'ஜெய் பீம்' படத்தில் காவலில் இறந்தவருக்காக உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவோடு நின்றார். நீதிபதி சந்துரு வக்கீலாக இருந்த காலத்தில் நடத்திய ஒரு வழக்குதான் அந்தக் கதை. அதை எடுத்த த.செ. ஞானவேல், 2024 அக்டோபரில் 'வேட்டையன்' படத்தில் ரஜினிகாந்தையே என்கவுன்ட்டர் போலீஸாக்கி, சுட்டது தப்பான ஆளை என்று தெரிந்து தவிக்க வைத்தார். ரஜினி படத்திலேயே அந்தத் தவிப்பு வந்துவிட்டது என்றபோது எனக்குப் பெரிய நம்பிக்கை பிறந்தது. ஆனாலும் 'ஜெய் பீம்' தியேட்டருக்கு வரவில்லை, நேராக ஓடிடிக்குப் போனது. பெஞ்சில் உட்கார்ந்து ஏழு பேரோடு சேர்ந்து பார்க்கும் படமாக அது எங்கள் தெருவில் ஆகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தனியாக அழும் படமாகத்தான் ஆனது. கூட்டமாகச் சேர்ந்து கைதட்டுவதற்கு இன்றைக்கும் எங்களிடம் இருப்பது அந்த அடி ஒன்றுதான்.

அதனால் இரண்டாம் பாகமே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு நாலாவது 'சிங்கம்' வேண்டும். சுமோ பறக்கட்டும். டயர் கிறீச்சிடட்டும். விவேக் இல்லாத குறையை யாராவது தீர்க்கட்டும். போனில் சவால் விடுகிற காட்சி கட்டாயம் இருக்கட்டும். அதோடு, துரைசிங்கம் ஒருவனைப் பிடித்து, நேரத்தைக் குறித்து, அவன் அம்மாவுக்கு போன் போட்டுச் சொல்லி, 24 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்துகிற ஒரு காட்சி இருக்கட்டும். மணி ஓடிக்கொண்டிருக்கிறது, வழியில் லாரியைக் குறுக்கே போட்டுத் தடுக்கிறார்கள், வில்லனின் ஆட்களே வில்லனைக் கொல்லத் துரத்துகிறார்கள், அவன் உயிரைக் காப்பாற்றி மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஹரியின் வேகத்துக்கு இதைவிட நல்ல கிளைமாக்ஸ் என்ன இருக்கிறது? நான் முதல் நாள் முதல் காட்சிக்கு வருகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, என் வலது கன்னம் முடிந்து படிகாரம் தடவிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி உள்ளே வந்தார். எழுபதை நெருங்கிவிட்டார். வெள்ளைச் சட்டை, இடுப்பில் அதே சாவி. பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். டிவியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கால் லேசாகத் தாளம் போட்டது. சந்தானம் வந்தபோது வாய்விட்டுச் சிரித்தார்.

பாட்டும் காமெடியும் முடிந்து, ஸ்டேஷன் காட்சி வந்தது. ஒருவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வருகிறார்கள். தம்பி என் கழுத்தைச் சுற்றியிருந்த துணியை உதறிக்கொண்டே, யாரும் கேட்காமல், ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார்.

"வேண்டாம்டா, இருக்கட்டும்" என்றார் அண்ணாச்சி.

"பரவால்ல அண்ணாச்சி."

பெஞ்சில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. பையன் துடைப்பத்தோடு நின்று அப்பாவைப் பார்த்தான், டிவியைப் பார்த்தான், அண்ணாச்சியைப் பார்த்தான். வெளியே ஜிஎஸ்டி ரோட்டில் திருச்செந்தூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. திரையில் அடி விழுந்தது, சத்தமே இல்லாமல்.